எம்ஆர்பி வேலையை விட்டுவிட்டு இங்கிலாந்து போய் முதலிலிருந்து தொடங்கலாமா? போனவர்கள் சொல்லுங்கள்

அம்பை_எம்ஓ:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹைகிரவுண்டில், அதாவது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில், எம்பிபிஎஸ் முடித்தேன். அரசு டாக்டர்களை எடுக்கும் தேர்வு வாரியமான எம்ஆர்பி மூலம் வேலை கிடைத்து, இப்போது அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மெடிக்கல் ஆபீசர். காலையில் ஓபி, வாரத்தில் ஒரு நாள் கர்ப்பிணிகள், பீடி சுற்றும் பெண்களின் முதுகுவலியும் இருமலும், அறுப்புக் காலத்தில் பாம்புக்கடி, மழை ஓய்ந்ததும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் என்று வேலைக்குப் பஞ்சமில்லை. பிடித்துத்தான் செய்கிறேன். கல்யாணம் ஆகிவிட்டது. அவர் லெஸ்டரில் ஐடி வேலையில் இருக்கிறார், அங்கேயே இருப்பதாகத்தான் முடிவு. அதனால் நான் போக வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. எப்போது, எந்த வழியில் என்பதில்தான் குழப்பம்.

வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நிரந்தர அரசு வேலையை யாராவது விடுவார்களா, அரசு டாக்டர்களுக்கான சர்வீஸ் கோட்டாவில் எம்டி முடித்துவிட்டுப் போ என்கிறார் அப்பா. அத்தை, அதாவது அவருடைய அம்மா, இவ்வளவு படித்தவள் அங்கே போய் மறுபடி பரீட்சை எழுத வேண்டுமா, ரெண்டு வருஷம் வீட்டில் இரு, குழந்தை பிறக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாசத்தில்தான் சொல்கிறார். என் வீட்டுக்காரரோ, முதலில் விசாவில் வந்துவிடு, இங்கே உட்கார்ந்து நிதானமாகப் படி என்கிறார். என் பேட்ச்மேட் ஒருத்தி, இங்கிலாந்தில் இப்போது வேலையே இல்லை, அமெரிக்காவுக்கான யுஎஸ்எம்எல்இ தேர்வை எழுது என்று தினமும் மெசேஜ் அனுப்புகிறாள்.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. ராத்திரி பிரசவம் முடிந்து ரத்தப்போக்கு நிற்காத பெண்ணைத் தனியாகச் சமாளித்து 108-ல் ஏற்றி, கூடவே போய் ஹைகிரவுண்டில் ஒப்படைத்திருக்கிறேன். அங்கே போனால் என்னை மறுபடி ஹவுஸ் சர்ஜன் இடத்தில்தான் நிறுத்துவார்கள் என்கிறார்கள். போனவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டீர்கள்? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

---

வண்ணாரப்பேட்டை_பையன்:

தங்கச்சி, நானும் ஹைகிரவுண்டுதான், உனக்குச் சில பேட்ச் முன்னால். இப்போது வட இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அக்யூட் மெடிசின் ரெஜிஸ்ட்ரார், அதாவது அவசரமாகச் சேரும் நோயாளிகளைப் பார்க்கும் நடுநிலை டாக்டர். நீ கேட்டதில் பரீட்சை சின்ன விஷயம், வேலைதான் பெரிய விஷயம். ஆனால் எல்லோரும் பரீட்சையைப் பற்றித்தான் பேசுவார்கள், ஏனென்றால் அதற்குத்தான் கோச்சிங் இருக்கிறது.

பரீட்சையை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி. ஐஇஎல்டிஎஸ் என்றால் மொத்தம் 7.5, நான்கு பகுதியிலும் 7-க்குக் குறையக் கூடாது. ஓஇடி என்றால் நான்கிலும் பி. ஓஇடியில் எழுதச் சொல்வது டாக்டர் டாக்டருக்கு எழுதும் ரெஃபரல் கடிதம்தான், அது உனக்குத் தினசரி வேலை, அதனால் அதையே எடு. அப்புறம் வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கான பிளாப் தேர்வு. அதில் பிளாப் 1, 180 கேள்வி, 3 மணி நேரம், சென்னையிலேயே எழுதலாம். பிளாப் 2 மான்செஸ்டரில் மட்டும்தான். நடிக்கப் பயிற்சி பெற்றவர்கள் நோயாளியாக உட்கார்ந்திருப்பார்கள், 16 ஸ்டேஷன், ஒவ்வொன்றும் 8 நிமிடம். கட்டணம் மட்டுமே ஏறக்குறைய ஆயிரம் பவுண்டு, பயணமும் தங்குவதும் தனி. லெஸ்டரில் உனக்கு வீடு இருக்கிறது, ரயிலில் வந்துவிடலாம். நாங்கள் மான்செஸ்டரில் ஒரே வீட்டில் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு ஒருவருக்கொருவர் நோயாளியாக நடித்துப் படித்தோம்.

உன்னைப் போன்றவர்கள் பிளாப் 2-ல் சறுக்குவது மருத்துவ அறிவில் அல்ல. நம் ஓபியில் ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிறோம். இரண்டு கேள்வி, ஸ்டெத், சீட்டு, அடுத்த ஆள். அந்த வேகம் கையில் ஊறிப்போயிருக்கும். இங்கே, உங்களுக்கு என்னவாக இருக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள், என்னிடம் என்ன எதிர்பார்த்து வந்தீர்கள் என்று கேட்க வேண்டும். மனப்பாடமாகக் கேட்டால் எதிரில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார். மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு இப்படிப் பேசுவதற்குத்தான். இதை உன் ஓபியிலேயே பழகலாம், நாளைக்கே ஆரம்பி. கடைசியில் வரும் ஐந்து பேரிடமாவது கேட்டுப் பார். பீடி சுற்றும் அக்கா என்ன பதில் சொல்கிறார் என்று பார், உனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

இப்போது வேலை. உன் பேட்ச்மேட் சொல்வதில் பாதி உண்மை. பிளாப் முடித்து இங்கத்திய மருத்துவ கவுன்சிலான ஜிஎம்சியில் பதிவு வாங்கிவிட்டு வேலை கிடைக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். ஜூனியர் ஃபெலோ என்ற ஆரம்பநிலை டாக்டர் வேலை ஒன்றுக்கு விளம்பரம் வந்தால் சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான விண்ணப்பம் குவிந்து, அன்றைக்கே மூடிவிடுகிறார்கள். ஸ்பெஷாலிட்டி ட்ரெய்னிங் என்றால் 2025-ல் இருந்த இடங்களைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஆட்கள் விண்ணப்பித்தார்கள். அதே வருஷம் ஜூலையில் வந்த பத்தாண்டு சுகாதாரத் திட்டத்தில், அந்த இடங்களுக்கு இங்கிலாந்திலேயே படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று அரசாங்கமும் சொல்லிவிட்டது. இதைத் தெரிந்துகொண்டுதான் நீ வர வேண்டும். உனக்கு ஒரு அனுகூலம் உண்டு. உன் வீட்டுக்காரருடைய ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் டிபென்டன்ட்டாக வந்தால் டாக்டர் வேலை பார்க்கத் தடையில்லை, ஆஸ்பத்திரி உனக்கு விசா ஸ்பான்சர் செய்ய வேண்டியதும் இல்லை.

ஹவுஸ் சர்ஜன் இடம் பற்றிக் கேட்டாய். ஆமாம், முதல் சில மாதம் அப்படித்தான். டிஸ்சார்ஜ் கடிதம் எழுதுவாய், கேனுலா போடுவாய், ஸ்கேனுக்காக ரேடியாலஜிஸ்டிடம் போனில் வாதாடுவாய், உன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் உனக்கு கம்ப்யூட்டரைக் காட்டித் தருவார்கள். அது எனக்குக் கஷ்டமாக இல்லை. கஷ்டமாக இருந்தது வேறு. நம் ஊரில் புற்றுநோய் என்று தெரிந்தால் மகனையோ மருமகனையோ வராண்டாவுக்குக் கூப்பிட்டு முதலில் அவர்களிடம்தான் சொல்வோம். அவர்களும் கையைப் பிடித்துக்கொண்டு, அவுககிட்ட மட்டும் சொல்லிராதீக டாக்டர் என்பார்கள், நாமும் தலையாட்டுவோம். இங்கே சுயநினைவோடு இருக்கும் நோயாளியின் விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் மகனிடம்கூடச் சொல்லக் கூடாது. கெட்ட செய்தியை அவர் முகத்தைப் பார்த்து நான்தான் சொல்ல வேண்டும். இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி எழுப்ப முயல வேண்டாம் என்ற முடிவை எண்பது வயதுக்காரரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். முதல் தடவை அப்படிப் பேசிவிட்டு வெளியே வந்தபோது எனக்குக் கை நடுங்கியது. இதற்குக் கோச்சிங் கிடையாது, கூடவே இருக்கும் சீனியர் பேசுவதைப் பார்த்துத்தான் வரும்.

ஸ்க்ரப் டைபஸ் பார்த்த அனுபவம் வீணாகுமோ என்று நினைக்காதே. இங்கே யாருக்கும் அந்தக் காய்ச்சல் இல்லைதான். ஆனால் காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் அக்குள், இடுப்பு மடிப்பு என்று துணி விலக்கி பூச்சி கடித்த இடத்தில் இருக்கும் அந்தக் கறுப்புப் புண்ணைத் தேடும் பழக்கம் உனக்கு இருக்கிறது பார், அது எல்லா ஊரிலும் வேலை செய்யும். வார்டில் முதன்முதலில் என்னை நம்ப ஆரம்பித்தது அதனால்தான்.

---

பாளை_பழைய_சர்ஜன்:

அம்மா, நான் எண்பதுகளில் இங்கிலாந்து போய்ச் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இங்கேயே ஓய்வு பெற்றவன். எங்களுக்கு முந்திப் போனவர்களுக்கு 1975 வரை இந்திய எம்பிபிஎஸ்ஸை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள், பரீட்சை எல்லாம் அதற்கு அப்புறம் வந்ததுதான். அந்தக் காலத்தில் போனவர்களில் பலரை வெள்ளைக்கார டாக்டர்கள் விரும்பாத முதியோர் வார்டுக்கும், மனநலத்துக்கும், சுரங்க ஊர்களில் ஜிபி, அதாவது குடும்ப டாக்டர், வேலைக்கும்தான் அனுப்பினார்கள். சர்ஜனாக வேண்டும் என்று போய் ஜிபியாகத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். நல்ல ஜிபிகள்தான், ஆனால் அது அவர்கள் விரும்பிப் போன வேலை இல்லை.

அதனால் உன் அப்பா சொல்வதை எளிதாகத் தள்ளிவிடாதே. தமிழ்நாட்டில் பிஜி மாநில இடங்களில் 50 சதவீதம் சர்வீஸ் டாக்டர்களுக்கு இருக்கிறது. அதற்காக எத்தனை போராட்டம், எத்தனை வழக்கு என்று உனக்கே தெரியும். எம்டி கையில் இருந்தால் எந்த நாட்டிலும் உன்னைப் பார்க்கும் பார்வை வேறு. அப்புறம் ஒன்று. அம்பை பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி ரத்தப்போக்கைச் சமாளிக்கத் தெரிந்த ஒரு டாக்டர் போய்விட்டால் அந்த இடத்துக்கு அதே மாதிரி ஒருவர் வர எவ்வளவு நாளாகும்? இதை உன் மேல் சுமத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் யாராவது ஒருவர் சொல்ல வேண்டும்.

---

களக்காட்டுக்காரி:

சார் சொன்னதில் எம்டி பற்றிய பகுதியை மட்டும் மறுக்கிறேன், மரியாதையோடுதான். சர்வீஸ் கோட்டாவில் எம்டி என்றால் மூன்று வருஷப் படிப்பு, அதற்கு மேல் இத்தனை வருஷம் அரசு வேலை பார்க்க வேண்டும் என்ற பாண்ட். புதிதாகக் கல்யாணமான பெண்ணிடம் அதைச் சொல்வது, இன்னும் பல வருஷம் புருஷன் ஒரு நாட்டில் நீ ஒரு நாட்டில் என்று சொல்வதுதான். அதுவும் இந்திய எம்டி இருந்தால் மட்டும் இங்கிலாந்தில் நேரே ஸ்பெஷலிஸ்ட் பதிவு கிடைத்துவிடாது.

நான் ஆஸ்திரேலியாவில் ஜிபி. தங்கச்சி, உன் அத்தை சொன்ன அந்த ரெண்டு வருஷம் பற்றித்தான் நான் எழுத வேண்டும்.

எனக்கும் அதையேதான் சொன்னார்கள். களக்காட்டில் ஒரு கிளினிக்கில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது என் வேலை. கல்யாணம் ஆகி மெல்போர்ன் வந்தேன். முதலில் வீடு பிடிப்போம், அப்புறம் குழந்தை, அப்புறம் குழந்தை பள்ளிக்கூடம் போகட்டும் என்று ஒவ்வொன்றும் நியாயமான காரணமாகத்தான் இருந்தது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. புஸ்தகத்தை எடுத்து உட்கார்ந்தபோது மருந்தின் அளவு நினைவுக்கு வரவில்லை. அதைவிட மோசம், யாராவது உடம்பு சரியில்லை என்று சொன்னால் நான் டாக்டர் என்று வாய் திறக்கவே கூச்சமாகிவிட்டது. முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளராக வேலை செய்தேன். குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது. அந்த வேலையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, இங்கத்திய வயதானவர்களின் பேச்சு எனக்குப் புரிய ஆரம்பித்ததே அங்கேதான். ஆனால் ஒரு பாட்டிக்கு மூச்சு இரைப்பதைப் பார்த்து இது இதயம்தான் என்று எனக்குத் தெரியும், சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. நர்ஸிடம் சொன்னேன், நீ உன் வேலையைப் பார் என்றார்கள். அன்றைக்கு ராத்திரிதான் இங்கே டாக்டராக எழுத வேண்டிய ஏஎம்சி தேர்வுக்கான புஸ்தகத்தை மறுபடி எடுத்தேன்.

ஏஎம்சி எழுத்துத் தேர்வு 150 கேள்வி, மூன்றரை மணி நேரம். நீ ஒன்று சரியாகப் போட்டால் அடுத்தது கடினமாக வரும். அப்புறம் 16 ஸ்டேஷன் கிளினிக்கல். இதெல்லாம் படித்தால் வந்துவிடும். படித்தாலும் வராதது இடைவெளிக்கான பதில். மூன்று வருஷத்துக்கு மேல் நோயாளியைப் பார்க்காமல் இருந்திருந்தால் எப்படித் திரும்ப வரப்போகிறாய், யார் மேற்பார்வை என்று இங்கத்திய மெடிக்கல் போர்டு முழுத் திட்டமே எழுதிக் கேட்கும். ஆஸ்பத்திரிகளோ அவ்வளவு தூரம்கூடப் போகாது, விண்ணப்பத்தில் அந்த வெற்று வருஷங்களைப் பார்த்ததுமே ஒதுக்கிவிடும். கடைசியில் ஆள் கிடைக்காத ஒரு உள்நாட்டு ஊர் ஆஸ்பத்திரிதான் என்னை எடுத்தது. மேற்பார்வையில் 12 மாதம் வேலை பார்த்தேன். அவர் மெல்போர்னில், நானும் பிள்ளையும் அந்த ஊரில். வெளிநாட்டில் படித்த டாக்டர்கள் பொதுவாக 10 வருஷம் வரை ஆள் பற்றாக்குறை உள்ள பகுதியில் இருந்தால்தான் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் பில் போட முடியும் என்று இங்கே சட்டமே இருக்கிறது, அதனால் நான் இன்னும் அந்தப் பக்கம்தான். இப்போது அந்த ஊரை விட்டு வர எனக்கு மனமில்லை என்பது வேறு விஷயம்.

அத்தையிடம் இதைப் பக்குவமாகச் சொல். குழந்தை பெற்றுக்கொள்வதற்கும் வேலைக்கும் சண்டை இல்லை. இங்கே கர்ப்பமாக இருந்துகொண்டே டியூட்டி பார்க்கிறார்கள், முறையாக லீவு கொடுக்கிறார்கள், திரும்பி வந்தால் இடம் இருக்கிறது. ஆனால் அது ஒரு வேலைக்குள் இருப்பவளுக்குத்தான். வேலைக்கு வெளியே நிற்பவளுக்கு லீவும் இல்லை, திரும்பிவர இடமும் இல்லை.

உன் வீட்டுக்காரர் சொல்லும் நிதானமாகப் படிக்கலாம் என்பதும் அதே ஆபத்துதான். அம்பையில் ஓபி பார்த்துக்கொண்டே படி. அலுப்பாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

---

குற்றாலச்சாரல்:

அமெரிக்காவிலிருந்து. உன் பேட்ச்மேட்டுக்காகச் சுருக்கமாக எழுதுகிறேன்.

யுஎஸ்எம்எல்இயில் ஸ்டெப் 1, 2022 ஜனவரியிலிருந்து வெறும் பாஸ் அல்லது ஃபெயில்தான், அதனால் ஸ்டெப் 2 மதிப்பெண்ணில்தான் எல்லோரும் உன்னை எடை போடுவார்கள். செப்டம்பரில் விண்ணப்பம், மார்ச்சில் யாருக்கு எந்த ஆஸ்பத்திரி என்று பொருத்தும் மேட்ச் முடிவு, ஜூலையில் ரெசிடென்சி என்ற ஆஸ்பத்திரிப் பயிற்சி. நீ அங்கே எவ்வளவு பெரிய ஸ்பெஷலிஸ்டாக இருந்தாலும் பொதுவாக ரெசிடென்சி மறுபடி செய்தே ஆக வேண்டும். டென்னசி மாதிரிச் சில மாநிலங்கள் விதியைத் தளர்த்திச் சட்டம் போட்டிருக்கின்றன, ஆனால் அதை நம்பி யாரும் வாழ்க்கையைத் திட்டமிடக் கூடாது. 2025 மேட்ச்சில் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் சுமார் 58 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. படிப்பு முடித்து ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனவர்களைப் பல ப்ரோக்ராம்கள் பார்ப்பதே இல்லை. விசா ஜே-1 என்றால் பயிற்சி முடிந்ததும் இரண்டு வருஷம் இந்தியா திரும்ப வேண்டும், அல்லது டாக்டர் இல்லாத பகுதியில் மூன்று வருஷம் வேலை பார்த்து விலக்கு வாங்க வேண்டும். வேலை விசாவான எச்-1பி புதிதாக வாங்க 2025 செப்டம்பரில் ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தபிறகு ஆஸ்பத்திரிகள் இன்னும் தயங்குகின்றன.

இதெல்லாம் தாண்டி வந்தவர்கள் நிறையப் பேர், நானும் ஒருவன். ஆனால் புருஷன் லெஸ்டரில் இருக்கும்போது உனக்கு எதற்கு இது? எந்த நாட்டில் டாக்டர் வேலை சுலபம் என்று பார்த்துப் போகாதே. உன் குடும்பம் எங்கே இருக்கப்போகிறதோ அங்கே எவ்வளவு கஷ்டமானாலும் அந்த வழியைப் பிடி.

---

வள்ளியூர்_எப்எம்ஜி:

அக்கா, நான் வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படித்துவிட்டு இங்கே வந்து தேர்வு எழுதித் தேறியவன். எதிர்த்திசையில் வந்தவன் எழுதலாமா என்று யோசித்தேன், ஆனால் வேலை பார்த்துக்கொண்டே படிப்பது பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது.

வெளிநாட்டில் படித்த எங்களுக்கான தேர்வு எப்எம்ஜிஇ, ஒரே நாளில் 300 கேள்வி, 150 எடுத்தால் தேர்ச்சி, வருஷத்துக்கு இரண்டு தடவை. பல தடவை கால்வாசிப் பேர்கூடத் தேறுவதில்லை. தேறாதவர்கள் எல்லோரும் படிக்காதவர்கள் இல்லை. வீட்டு மாடி அறையில் தனியாக அடைந்து கிடந்து, சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குக்கூடப் போகாமல், எப்போ டாக்டர் ஆவ என்ற கேள்விக்குப் பயந்தே ஒடுங்கிப்போனவர்கள் பலர். நான் தேறியதற்குக் காரணம் பாளையங்கோட்டையில் எங்களைப் போல நாலைந்து பேர் சேர்ந்து அறை எடுத்துப் படித்ததுதான். ஒருவன் சோர்ந்தால் மற்றவன் இழுத்துக்கொண்டு போவான்.

நீங்களும் தனியாகப் படிக்காதீர்கள். நம் மாவட்டத்திலேயே பிளாப் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோ காலில் ஒரு மணி நேரம், ஒருவர் நோயாளி, ஒருவர் டாக்டர், மூன்றாவது ஆள் குறை சொல்ல வேண்டும். குறை சொல்வதற்குக் கூச்சப்படாத ஆளாகப் பாருங்கள்.

---

அம்பை_எம்ஓ:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. களக்காடு அக்கா எழுதியதை அப்படியே அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பிள்ளை இப்போ நல்லா இருக்காளா என்று கேட்டார். நல்லா இருக்காங்க என்றேன்.

பாளை சார், நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் போனால் அந்த ராத்திரி டியூட்டிக்கு யார் என்று எனக்கும் தெரியாது. அதனால் கிளம்புகிற வரைக்கும் லீவு போட்டு உட்கார்ந்து படிக்கப் போவதில்லை, ஓபியும் டியூட்டியும் பார்த்துக்கொண்டேதான் படிக்கப் போகிறேன். என்னோடு இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கு ரத்தப்போக்கு சமாளிப்பதை மறுபடி ஒரு தடவை முழுக்கச் சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்திருக்கிறேன்.

வண்ணாரப்பேட்டை அண்ணாச்சி, இன்னும் இரண்டு கேள்வி. பிளாப்புக்குப் பதில் இங்கிலாந்தின் மெடிசின் மேற்படிப்புத் தேர்வான எம்ஆர்சிபி எழுதினால் நல்லதா? சர்டிபிகேட் வேலைகளில் எதை முதலில் தொடங்க வேண்டும்?

---

வண்ணாரப்பேட்டை_பையன்:

முதல் கேள்விக்கு: உனக்கு மெடிசின் பிடிக்கும் என்றால் எம்ஆர்சிபி பார்ட் 1-ஐ எழுது, இரண்டு தாள், மொத்தம் 200 கேள்வி, இந்தியாவில் இருந்தே எழுதலாம். மூன்று பகுதியும் முடித்தால் பிளாப் இல்லாமலே ஜிஎம்சி பதிவு கிடைக்கும், ஆனால் அதற்கு நாளாகும். நீ சீக்கிரம் போக வேண்டியவள், அதனால் பதிவுக்குப் பிளாப், வேலை தேடும்போது கைகொடுக்க பார்ட் 1. இரண்டுக்கும் படிப்பதில் பெரும்பகுதி ஒன்றேதான். பிற்பாடு ஆஸ்திரேலியா போக நினைத்தாலும் பிளாப்போடு இங்கே ஒரு வருஷம் முறையாக வேலை பார்த்தவர்களுக்கு ஏஎம்சி எழுதாமல் போக ஒரு வழி இருக்கிறது, அதனால் எதுவும் வீணில்லை.

இரண்டாவதுதான் முக்கியம், எல்லோரும் கோட்டைவிடுவது இங்கேதான். நம் ஊர் இனிஷியல் பிரச்சினை. டிகிரியில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகச் சர்நேம் இடத்தில் இருக்கும், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். சான்றிதழ்களைச் சரிபார்க்கும் எபிக் என்ற ஆன்லைன் சேவையில் எல்லாம் ஒரே ஆள்தான் என்று நிரூபித்தால்தான் நகரும். கல்யாணமாகிவிட்டதே என்று பாஸ்போர்ட்டில் இப்போது அவர் பெயரைச் சேர்க்கப் போகாதே. அதைச் செய்தால் இன்னொரு பெயரும் வந்து நிற்கும். விசாவுக்குக் கல்யாணப் பதிவுச் சான்றிதழே போதும். டிகிரி சரிபார்ப்பு கிண்டியில் எம்ஜிஆர் பல்கலைக்கழகம் வழியாகப் போகும், நீ கூரியர் அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் சென்னையில் இருக்கும் யாரையாவது நேரில் போய்க் கேட்கச் சொல். அதை இந்த மாதமே தொடங்கு.

ஹைகிரவுண்டில் ஹவுஸ் சர்ஜன் முடித்த சான்றிதழில் வெறுமனே ஒரு வருஷம் முடித்தார் என்று இருந்தால், எந்தப் பிரிவில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று தனியாக ஒரு கடிதம் லெட்டர்ஹெட்டில் வாங்கிக்கொள். உன் மேல் எந்த நடவடிக்கையும் இல்லை என்று மருத்துவ கவுன்சில் தரும் குட் ஸ்டாண்டிங் சான்றிதழை மட்டும் இப்போதே வாங்கிவிடாதே, அது மூன்று மாதத்துக்குத்தான் செல்லும், பதிவுக்கு விண்ணப்பிக்கும் சமயத்தில் வாங்கினால் போதும். நீ அரசு வேலையில் இருப்பதால், ராஜினாமாவா நீண்ட லீவா என்பதை உங்கள் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு, விடுவிப்பு உத்தரவு கைக்கு வந்த பிறகு கிளம்பு. ஜிஎம்சி கடைசி ஐந்து வருஷம் எங்கெல்லாம் வேலை பார்த்தாய் என்று தேதியோடு கேட்கும், அங்கே வாயால் சொன்னது எதுவும் எடுபடாது.

வள்ளியூர்த் தம்பி சொன்ன வீடியோ காலுக்கு மூன்றாவது ஆளாக நான் வருகிறேன். உங்கள் ஒன்பது மணி எனக்கு வேலை முடிகிற நேரம், டியூட்டி இல்லாத நாட்களில் முடியும். எந்தெந்தக் கிழமை தோதுப்படும் என்று தனிச்செய்தியில் எழுது.

---

வள்ளியூர்_எப்எம்ஜி:

நோயாளியாக உட்கார நான் தயார். அக்கா, செவ்வாய், வியாழன் எனக்கு ராத்திரி டியூட்டி, மற்ற நாள் எதுவானாலும் சரி.